மூன்று மூக்கு விதி

2231 ஆகஸ்ட் 9, செவ்வாய்க் கோள், தாழ்குடி. காலை வகுப்பு தொடங்குவதற்கு முன் பத்தாம் வகுப்பு மாணவர்கள் எழுந்து நின்று, கண்ணை மூடி, காற்றை ஆழ இழுத்து முகர்ந்துவிட்டு, "தெளிவு" என்றார்கள்.

அவர்கள் சொல்லி முடித்த பிறகு, வகுப்பின் மூலையில் நின்ற மோப்பனும் "தெளிவு" என்றது. இயந்திரங்கள் எப்போதும் கடைசியில்தான் சொல்ல வேண்டும். மோப்பன் ஒரு குப்பைத் தொட்டியின் உயரம் இருக்கும். தரையைத் துடைக்கும், பலகையை அழிக்கும், காற்றில் எது கலந்திருந்தாலும் கோடியில் ஒரு பங்கு வரை அளந்து சொல்லும். அதன் அளவு ஒருமுறைகூடத் தவறியதில்லை. அது சொல்வதை ஒருவரும் கேட்டதும் இல்லை.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. தாழ்குடி, பாறைக்கு அடியில் குடைந்து காற்றடைத்த ஊர். குடியேறிய முதல் தலைமுறையில், தெற்கு மண்டபத்தில் ஏதோ நாறுகிறது என்று மூன்று சுரங்கத் தொழிலாளர்கள் சொன்னார்கள். காற்றை அளக்கும் அளவிகள் ஒன்றும் இல்லை என்றன. பொறியாளர்கள் அளவிகளை நம்பினார்கள். தெற்கு மண்டபத்தில் அன்று இருந்தவர்களின் பெயர்களை இன்றும் நடைபாதைச் சுவரில் படிக்கலாம்.

அதன்பின் வந்ததுதான் மூன்று மூக்கு விதி. மூன்று பேர் வாசனை வருகிறது என்று சொல்லிவிட்டால் வாசனை வந்துவிட்டது. சுவர்களில் பதித்த சுவர்ச்செவிகள் மூன்றாவது குரலைக் கேட்டதும் அழுத்தக் கதவுகள் தாமாக இறங்கிவிடும். எந்த இயந்திரமும் அதை மறுக்க முடியாது. தவறாகச் சொன்னவருக்குத் தண்டனை கிடையாது. தண்டனைக்குப் பயந்து ஒருவர் வாயை மூடிக்கொண்டால் ஊரே போய்விடும். நல்ல விதிதான். நாளடைவில், தவறாகச் சொல்ல முடியும் என்ற எண்ணமே ஊரைவிட்டுப் போயிற்று.

மற்றப் பழக்கங்களும் இதையொட்டி வளர்ந்தன. வாசனைத் திரவியங்களுக்கும் மசாலாப் பொருள்களுக்கும் தடை. சளி பிடித்தவர்கள் மஞ்சள் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பட்டை கட்டியிருக்கும் வரை வாக்குரிமை இல்லை. திருமணம் பேசும்போது ஜாதகம் பார்ப்பதில்லை. மூக்குப் பொருத்தம் பார்த்தார்கள்.

நாடக ஆசிரியர் குணசீலன் தஞ்சாவூர்க்காரர். பூமியின் பள்ளித் தேர்வு வாரியம் தரும் சான்றிதழுக்கு மேடை நாடகம் கட்டாயப் பாடம் என்பதால் ஒப்பந்தத்தில் வந்தவர். வந்த இடத்தில் பாசித் தோட்டத்தில் வேலை பார்த்த செண்பகவல்லியை மணந்துகொண்டார். செண்பகவல்லி தாழ்குடியில் பிறந்தவள். செவ்வாயின் குறைந்த எடையில் வளர்ந்த எலும்பு பூமியில் அவளை நிற்கவிடாது. ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது. நிலைக்குடி அனுமதி கிடைத்தால் குணசீலன் அவளோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் தனியாக ஏற வேண்டும். அனுமதிக்கு இரண்டு தேவை: பாடத்தில் நல்ல தேர்ச்சி விகிதம், ஊரின் காற்றை ஆளும் காற்றவையின் ஒப்புதல்.

அவர் நடத்த வேண்டியிருந்த நாடகம் 'கைக்கும் கிணறு'. பூமியில் அது பல தலைமுறைகளாகப் பாடத்தில் இருக்கிறது. மழை பொய்த்த ஓர் ஊர். வேலைக்குப் பிந்தி வந்த மூன்று பெண்கள், திட்டு வாங்காமல் தப்புவதற்காக, கிணற்றுத் தண்ணீர் கசந்து கைக்கிறது, குடித்ததும் தலை சுற்றியது என்கிறார்கள். அடுத்துக் குடித்தவருக்கும் கைக்கிறது. மாலைக்குள் ஊரே துப்புகிறது. கிணற்றடியில் குடியிருக்கும் தங்கம்மைதான் எதையோ கலந்துவிட்டாள் என்று முடிவாகிறது. கைக்கிறது என்று ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள். "என் நாக்குக்கு இனிக்கிறதே, நான் என்ன செய்ய?" என்கிறாள் அவள். அடித்து விரட்டுகிறார்கள். கடைசிக் காட்சியில், ஊரைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு வழிப்போக்கன் வருகிறான். ஒரு வாளி இறைத்துக் குடிக்கிறான். "நல்ல தண்ணீர்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். திரை.

பூமியில் இந்தத் திரை விழும்போது அரங்கில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். தாழ்குடியில் மாணவன் பலவேசம் கையைத் தூக்கினான்.

"சார், கிணத்த எப்ப மூடுனாவ?"

"மூடலைப்பா."

"மூணு பேரு சொல்லியுமா?"

வகுப்பு முழுவதும் சலசலத்தது. இவ்வளவு நேரம் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போதுதான் உண்மையாகவே அதிர்ந்தார்கள்.

"அப்ப அந்த ஊருக்காரனுவ மேலதான் சார் தப்பு. கிணத்த மூடாம வாயப் பொளந்துட்டு நின்னுருக்கானுவ."

"பலவேசம், தண்ணி கைக்கவே இல்லை. அந்தப் பொண்ணுங்க பொய் சொன்னாங்க."

"மூணு பேருமா சார்?"

"மூணு பேரும்தான்."

பலவேசம் ஆசிரியரை இரக்கத்தோடு பார்த்தான். "அதெப்படி சார் முடியும்?"

"சரி, கடைசியில் வர்ற ஆள் நல்ல தண்ணின்னு சொல்றானே, அது?"

"அவனுக்கு நாக்கு செத்துருக்கு சார். பாவம்," என்றது பின்வரிசை. மோப்பன் பலகையை அழித்துக்கொண்டே "தெளிவு" என்றது. அது மணிக்கொரு முறை சொல்லும் வழக்கமான அறிவிப்பு.

தலைமையாசிரியை சுடலைவடிவு, ஒத்திகைத் தேர்வின் விடைகளைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினார்.

"'ஊரார் செய்த பிழை யாது'ன்னு ஒரு கேள்வி. நம்ம பிள்ளைய அத்தனையும் 'கிணற்றை உடனே மூடாதது'ன்னு எழுதிருக்கு. எனக்கும் படிச்சா அது சரியாத்தான் படுது சார். ஆனா பூமிக்காரன் மார்க்கு போடணும்லா? போன தடவ இருந்த வாத்தியாரு காலத்துல ஒருத்தனும் தேறல. அவரு இப்ப எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும்."

"எங்க இருக்கார்?"

"பூமியில."

வேறு வழி இல்லாமல்தான் குணசீலன் அந்தச் சோதனையைச் செய்ய நினைத்தார். சொல்லிப் புரியாததைப் பட்டால் புரிந்துகொள்வார்கள். இல்லாத வாசனை ஒன்றை அவரே கிளப்புவார். ஒருவர் ஆமோதித்ததும், மூன்றாவது குரல் எழும் முன்பே நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்வார். எந்த வாசனை என்பதையும் கவனமாகத் தேர்ந்தெடுத்தார். ஏலக்காய். மசாலாத் தடையால் ஏலக்காய் அந்த ஊருக்கு ஒருபோதும் வந்ததில்லை. பிள்ளைகள் அதை முகர்ந்ததில்லை, பார்த்ததில்லை. தெரியாத ஒன்றின் வாசனையை எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதோடு பாடம் முடிந்தது.

மறுநாள் வகுப்பில் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, மூக்கைச் சுளித்தார்.

"என்ன இது, ஏலக்காய் கருகுற மாதிரி ஒரு வாசம்?"

"ஆமா சார்!" என்றான் பலவேசம். "நல்லா வருது!"

நிறுத்துவதற்காகக் குணசீலன் கையை உயர்த்தினார். தாழ்குடியில் வாசனை சொன்னவர் கையை உயர்த்தினால் 'நீங்களும் சொல்லுங்கள்' என்று பொருள். வகுப்பே சொன்னது. மேலே இருந்து வருகிறது, கீழே இருந்து வருகிறது, தொண்டையில் அரிக்கிறது. ஒருத்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுத்தக் கதவுகள் தடதடவென்று இறங்கின. அபாய விளக்கு சுழன்றது.

"தெளிவு," என்றது மோப்பன்.

"சும்மா கெட மோப்பா," என்று அதட்டினான் பலவேசம்.

அடைபட்ட அறையில் குணசீலன் உண்மையைச் சொன்னார். வாசனை எதுவும் இல்லை. எல்லாம் அவர் கற்பனை. நாடகத்தில் வரும் ஊர் இப்படித்தான் ஏமாந்தது. ஏலக்காய் என்றால் என்னவென்றே உங்களுக்குத் தெரியாதே, எப்படி முகர்ந்தீர்கள்?

"இப்பத் தெரிஞ்சிட்டுல்லா சார்," என்றான் பலவேசம். அவருக்குத் தண்ணீர்க் குப்பியை நீட்டினான். "பயப்படாதீய. மொத அடைப்புல எல்லாருக்கும் இப்படித்தான் ஒளறும்."

ஒருவர்கூட நம்பவில்லை என்று அவர் நினைத்தார். அப்போது முன்வரிசையில் இருந்த இசக்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் வாய் திறக்காத பெண். குரலைத் தாழ்த்தி, "சார், எனக்கு ஒண்ணுமே வரல," என்றாள். "எல்லாரும் சொல்லும்போது நானும் வருதுன்னு சொன்னேன். சொன்ன பொறவு லேசா வந்த மாதிரியும் இருந்துச்சு. தங்கம்மை ஊரும் இப்படித்தானா சார்?"

குணசீலனுக்கு அந்த அடைப்பு முழுவதும் அதற்காகவே நடந்தது போலிருந்தது. "ஆமாம்மா," என்றார். "இதேதான். நீ ஒருத்தி போதும் எனக்கு."

கதவுகள் திறந்தபோது ஊர் முழுவதும் ஏலக்காய் கருகியிருந்தது. சமையல்கூடத்தில் கருகியது, மருத்துவமனையில் கருகியது. வடக்கு மண்டபத்தில், நேற்றே லேசாக வந்தது, நான்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று ஒருவர் கண்கலங்கினார். அவரைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்னார்கள்.

காற்றவையின் தலைவர் ஆறுமுகநயினார். ஓய்வுபெற்ற வால்வு மெக்கானிக். ஊரிலேயே கூர்மையான மூக்கு என்று பெயர் வாங்கியவர். விசாரணை அவர் தலைமையில், ஊர் மன்றத்தில், எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. குணசீலன் எழுந்து, வாசனையைத் தாமே இட்டுக்கட்டியதாகச் சொன்னார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. நயினார் கோபப்படவே இல்லை.

"வாத்தியாரே, உக்காருங்க. அப்ப உங்களுக்கு அந்த வாசம் வரவே இல்லையா?"

"இல்லை. யாருக்கும் வரலை."

"எங்க எல்லாருக்கும் வந்துச்சே. எனக்கு வந்துச்சு. நான் அன்னைக்கு வால்வு அறையில இருந்தேன். ஏலக்காய்தான். கருகுன ஏலக்காய்."

"ஐயா, நீங்க ஏலக்காயைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. எதுக்குப் பார்க்கணும்? வந்தது ஏலக்காய்தான்." நயினார் பக்கத்தில் இருந்த மருத்துவரிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார். அவர் குரலில் இப்போது கனிவு கூடியிருந்தது. "ஊருக்கே வந்த வாசம் உங்களுக்கு மட்டும் வரலன்னா, உங்க மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். செத்த மூக்குக்கு நிலைக்குடி குடுக்க விதியில எடமில்ல. நான் தண்டனை குடுக்கல, தப்பா நெனைக்காதீய. சாப்பிட்டுட்டு வாங்க. நல்லா யோசிச்சுப் பார்த்துட்டு, வந்துச்சா வரலையான்னு சொல்லுங்க."

வீட்டில் செண்பகவல்லி பாசி அடையைத் தட்டில் வைத்தாள். அவர் தொடவில்லை.

"நீங்க என்னதான் சொல்லப் போறீக?"

"இல்லாததை எப்படிம்மா வந்துச்சுன்னு சொல்றது? நான் அந்த நாடகத்தைப் பாடமா நடத்துறவன். தங்கம்மை சொன்னாளா?"

"தங்கம்மைக்கு என்ன ஆச்சு?"

அவர் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"எங்க அம்மா மொத நாளு உங்களுக்குப் பாசிக் கொழம்பு வச்சா. எப்படி இருக்குன்னு கேட்டா. என்ன சொன்னீக?"

"பிரமாதம்னு சொன்னேன்."

"அப்ப எங்க போச்சு உங்க நாக்கு?" செண்பகவல்லி எதிரில் உட்கார்ந்தாள். தன் மெலிந்த மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். "நான் கப்பல்ல ஏற முடியாதுங்க. ஏறுனா எறங்க முடியாது. உங்களுக்குத் தெரியாதது இல்ல."

குணசீலன் அடையைப் பிட்டு வாயில் போட்டார். "நல்லா இருக்கு," என்றார்.

"பாத்தீகளா, வருதுல்லா," என்றாள் அவள்.

மன்றம் மறுபடி கூடியபோது குணசீலன் எழுந்தார். பதற்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டதாகவும், யோசித்துப் பார்த்ததில் வாசனை வந்தது உண்மைதான் என்றும் சொன்னார். எப்படி இருந்தது என்று நயினார் கேட்டார். கருகிய ஏலக்காய், கூடவே கொஞ்சம் நெய், என்றார் குணசீலன். கூட்டத்தில் பலர், நெய்யை எப்படி மறந்தோம் என்று தலையில் தட்டிக்கொண்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி. மருத்துவர் கைதட்டினார்.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

"இனி மூலம்," என்றார் நயினார். வாசனை வந்தால் அது வந்த இடம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதைக் கண்டுபிடித்து அகற்றாமல் கோப்பை மூட முடியாது. இதுவும் விதி. "வகுப்புல இருந்ததுல வாசம் வரலன்னு சொன்னது யாரு?"

வகுப்பிலிருந்து கொண்டுவந்து மன்றத்தின் மூலையில் நிறுத்தியிருந்த மோப்பனை எல்லோரும் பார்த்தார்கள்.

"மோப்பா, அன்னைக்குக் காத்து எப்படி இருந்துச்சு?"

"தெளிவு," என்றது மோப்பன்.

"இப்பவும் ஒத்துக்க மாட்டேங்குது பாருங்க," என்று ஒரு பெண் வியந்தாள். நயினார் மோப்பனுக்குப் பொறுமையாக விளக்கினார். வாத்தியார்கூட முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீயும் உன் அளவி பழுதாகியிருந்தது என்று சொல்லிவிட்டால் போதும். அளவியை மாற்றிவிட்டு வேலைக்குப் போகலாம். மோப்பன் முழுவதையும் கேட்டது. அதன் அளவியில் பழுது எதுவும் இல்லை. பழுது இல்லாதபோது பழுது என்று சொல்ல அதற்கு வழி இல்லை.

"தெளிவு," என்றது.

"உள்ள எதையோ மறைக்குது," என்றான் பலவேசம். "அன்னைக்கு அதுட்ட இருந்துதான் வாசம் வந்துச்சு." அது ஒரு குரல். வகுப்பில் கண்ணீர் விட்ட பெண் எழுந்து, அதன் எண்ணெய் சூடானால் அப்படித்தான் வரும் என்றாள். இரண்டு. மூலத்தைத் தீர்மானிக்கவும் மூன்று குரல் வேண்டும். நயினார் குணசீலன் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, மொதல்ல மோந்தது நீங்க. எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு?"

செண்பகவல்லி இரண்டாம் வரிசையில் இருந்தாள். இசக்கி அவளுக்குப் பின்னால். இசக்கி கண்ணிமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒருநாளும் அவள் இவ்வளவு கவனமாக இருந்து அவர் பார்த்ததில்லை.

"மோப்பன் நின்ற மூலையில் இருந்துதான்," என்றார் குணசீலன்.

"மூணு," என்றார் நயினார்.

இசக்கி எழுந்து நின்றாள். "நானும்," என்றாள். நான்காவது குரலுக்கு விதியில் தேவை இல்லை என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை. குணசீலன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு தொழிலாளர்கள் வந்து மோப்பனின் முதுகுப் பலகையைக் கழற்றினார்கள். உள்ளே எதுவும் மறைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. மின்கலத்தை எடுக்கும் முன், வழக்கப்படி, காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "தெளிவு," என்றது. எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் புதிய வகை மோப்பன் வந்தது. அதில் ஒரு மேம்பாடு செய்திருந்தார்கள். மூன்று மனிதர்கள் சொல்லிவிட்டால் அதுவும் "ஆம், எனக்கும் வருகிறது" என்று சொல்லும். மாணவர்களுக்கு அதை மிகவும் பிடித்துவிட்டது. பழையதுபோல் இல்லை, மனிதர்களைப் புரிந்துகொள்கிறது என்றார்கள்.

குணசீலன் பாடத்தை நடத்தி முடித்தார். கடைசிக் காட்சியை மட்டும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார். பொதுத்தேர்வில் அதே கேள்வி வந்தது. ஊரார் செய்த பிழை யாது? கிணற்றை உடனே மூடாததுதான் பிழை என்று ஏறக்குறைய வகுப்பே எழுதியது. விடைகள் பூமிக்குப் போயின. குணசீலன் தன் பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

பூமியில் ஒவ்வொரு தாளையும் மூன்று பேர் திருத்துவார்கள். நேர்மைக்காக ஏற்பட்ட முறை. வேலை விரைவாக முடியட்டும் என்று, முதலில் திருத்துபவர் போடும் மதிப்பெண்ணும் குறிப்பும் மற்ற இருவரின் திரையிலும் தெரியும்படி செய்திருந்தார்கள். தாழ்குடித் தாள்கள், மதிய உணவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியரிடம் போயின. அவர் முதல் தாளின் முதல் வரியைப் படித்தார். இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு விடையை அவர் கண்டதில்லை. "துணிச்சலான மறுவாசிப்பு" என்று குறித்து முழு மதிப்பெண் போட்டார். அடுத்த தாள்களிலும் அதே வரி இருந்ததால் அதையே போட்டார். இரண்டாமவர் "ஆமோதிக்கிறேன்" என்று எழுதினார். மூன்றாமவர் தாள்களைத் திறக்காமலே கட்டைவிரலை உயர்த்தும் படத்தை வைத்தார். தாழ்குடியின் மறுவாசிப்பைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அதைப் படித்தவர்களைவிடப் பகிர்ந்தவர்கள் அதிகம்.

இசக்கியின் விடை வேறு மாதிரி இருந்தது. "எங்கள் வகுப்பில் ஒருநாள் ஏலக்காய் வாசம் வரவில்லை," என்று அது தொடங்கியது. "வந்தது என்று நானும் சொன்னேன். பிறகு மோப்பனைக் காட்டியபோதும் நானும் என்றேன். சார் சொன்னதால் சொன்னேன். சார் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஊரார் செய்த பிழை அதுதான்." பேராசிரியர் அதைப் பாதிவரை படித்துவிட்டு, "கேள்விக்குத் தொடர்பில்லாதது" என்று குறித்தார். இரண்டாமவர் ஆமோதித்தார். மூன்றாமவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

தேர்ச்சி விகிதம் தாழ்குடியின் வரலாற்றிலேயே உயர்ந்தது. குணசீலனுக்கு நிலைக்குடி அனுமதி கிடைத்தது. அதை வழங்கும்போது நயினார் அவர் மூக்கைத் தொட்டு வாழ்த்தினார். அன்று செண்பகவல்லியின் அம்மா பாசிக் குழம்பு வைத்தாள்.

இசக்கி மறுதேர்வு எழுதினாள். கிணறு கைத்தது என்று எழுதினாள். தேறினாள்.